மூன்றாம் ஞாயிற்றின் ஆட்சேபம்

பதினோரு வயதில் நான் என் சித்தப்பாவைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். அவர் சாராயம் குடித்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். நான் பார்க்கவில்லை, அவர் குடிக்கவும் இல்லை. அந்தப் பொய்யால் ஒரு பெண் குழந்தை நான்கு வயது வரை தன் அப்பாவின் முகம் தெரியாமல் வளர்ந்தது. இந்த நான்கைந்து வரிகளை எழுத எனக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்குப் போகும் வழியில் இருந்தது எங்கள் காலனி. தாத்தா காலம் வரை எங்கள் ஆட்கள் மற்றவர்களின் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா படித்து ஆசிரியரானார். காலனியில் முதலில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டவர் அவர்தான் என்று அம்மா சொல்வார். எங்கள் சின்னக் கிறிஸ்தவ சபைக்குச் செயலாளரும் அவரே. அவருடைய தம்பி, என் சித்தப்பா, சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் வேலை செய்தார். கல்யாணப் புடவைகள் பெரும்பாலும் அரக்கு நிறம் என்பதால் அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை அரக்காகவே இருக்கும். சாவு வீடுகளில் பறை அடிக்கவும் போவார். அந்தப் பழக்கத்தில்தான் குடியும் வந்தது என்பார் அப்பா.

மதுவிலக்கு இருந்த காலம் அது. ஆனாலும் பாலாற்று மணலுக்குள் பாட்டில்கள் புதைந்திருக்கும். சித்தப்பா குடித்த குடியில், தலைப்பிரசவத்துக்குத் திருப்புட்குழிக்குப் போன சித்தி திரும்பி வரவில்லை. சித்தியின் அண்ணன் அனுப்ப மறுத்துவிட்டார். சபையும் சித்தப்பாவை, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துப் பந்தியிலிருந்து நீக்கியது. அந்தத் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அப்பா.

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, ஆற்று மணலில் விழுந்து கிடந்த சித்தப்பா எங்கள் சபைக் கோயில் மணி கேட்டு எழுந்து, குளிக்காமல்கூட நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன பிரசங்கம் என்று வேறு யாருக்கும் நினைவில்லை. அவர் மட்டும் அழுதார், பிறகு சிரித்தார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. ஆனால் குடித்த காலத்தைவிட அதிகம் சத்தம் போட்டார். சாயப்பட்டறைக்குப் போகும்போது பாட்டு, வரும்போது பாட்டு. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் நிறுத்தி, "நான் பொழச்சிக்கினேன், தெரியுமா உங்களுக்கு?" என்பார். கறிகாய்க்காரி ஒருத்தி, "ஏன், கெணத்துலயா விழுந்த?" என்று கேட்டாளாம். "அதவிட ஆழம்மா" என்று சொல்லிவிட்டு, அவளுடைய கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பாவுக்கு அந்தச் சந்தோஷம் ஒத்துவரவில்லை. "ரட்சிப்பு வந்தா மனுசன் அடக்கமாகணும். நீ என்னடா, தெருவெல்லாம் கூவிக்கினு திரியற" என்று ஒருநாள் கேட்டார்.

"நீங்க எல்லாம் ஏசு வருவாரு வருவாருன்னு காத்துக்கினு இருக்கறீங்கண்ணா. எனக்கு வந்துட்டாரு. அதான் சத்தம் ஜாஸ்தி" என்றார் சித்தப்பா.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை நாங்கள் வருகைக்காலம் என்போம். எங்கள் சபையில் அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள் அல்லவா, அதைப்போல, குடித்ததற்காகப் பந்தியிலிருந்து நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்ப்பதற்கும் வருகைக்காலத்தில் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பார்கள். "இவரைச் சேர்த்துக்கொள்ள யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று போதகர் கேட்பார். மூன்று முறையும் யாரும் எழாவிட்டால் அவர் கிறிஸ்துமஸ் காலையில் பந்தியில் சேரலாம். அதோடு அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலைப் பவனியில் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவர் அவர்தான். எந்தத் தெரு வழியாகப் போவது என்று அவரே சொல்லலாம்.

சித்தியின் அண்ணனும் அந்த வழக்கத்தைத்தான் நம்பினார். அவரும் திருப்புட்குழி சபைக்காரர். "மூணு ஞாயிறும் தடை இல்லாம முடியட்டும். பொதன்கிழமை நானே தங்கச்சியையும் கொழந்தையையும் கூட்டியாந்து விடறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். சித்தப்பா அதைப் பார்த்ததே இல்லை. பட்டறையில் மிஞ்சிய பட்டு நூல்களைப் பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ என்று சாயமேற்றித் தூளியில் தொங்கவிடக் குஞ்சலம் கட்டினார். என்னிடம் கொண்டுவந்து காட்டி, "உன் தங்கச்சி புடிச்சி இழுப்பாபா. அறுந்துடுமா பாரு, நல்லா இழு" என்றார். நான் இழுத்துப் பார்த்தேன். அறவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் தடையில்லாமல் போயின. இரண்டாம் ஞாயிறு மாலை, பவனி எந்தத் தெரு என்று போதகர் கேட்டபோது, சித்தப்பா சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவைச் சொன்னார். சாயமேற்றிய நூலை அவர் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பார். "எல்லா வீட்லயும் சொல்லிட்டேன்யா. வாங்கன்னு சொன்னாங்க. நட்சத்திரத்த வேற யாராவது புடிக்கட்டும், நான் பறை அடிச்சிக்கினு வரேன்" என்றார். போதகர் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தெருவில் என் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் இருந்தார்கள். அப்பா என்னை மிஷன் பள்ளியிலிருந்து எடுத்து நகரத்துப் பள்ளியில் சேர்த்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் ஓரிக்கைப் பக்கம் என்பேன். அப்பா வாத்தியார் என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் என் சாமர்த்தியம் என்று எண்ணியிருந்தேன். அதற்குச் சில நாள் முன்புதான் ஒருவன், "டேய், கை ரெண்டும் அரக்குக் கலர்ல ஒருத்தரு நேத்து எங்க தெருவுல பாடிக்கினே போனாரு. உன்னத் தெரியும்னாரே, யாருடா அவரு?" என்று கேட்டிருந்தான். "தெரியல, யாரோ" என்றேன்.

இப்போது அந்த யாரோ, பறையோடு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் வரப்போகிறார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு காலை அப்பா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

"அப்பா, சித்தப்பா வெள்ளிக்கெழம ஆத்துல சாராயம் குடிச்சாரு."

சீப்பு நின்றது. "யார் சொன்னது?"

"நானே பாத்தேன். மணல்லருந்து பாட்டில எடுத்தாரு. குடிச்சிட்டு மறுபடியும் பொதைச்சிட்டாரு."

பாட்டிலை மறுபடி புதைத்ததைச் சொன்னதும் அப்பா நம்பிவிட்டார். அதை அவர் கண்ணில் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு பொய்க்காக என்னைப் பிரம்பால் அடித்திருந்தார். அதோடு நான் திருந்திவிட்டேன் என்பது அவருடைய நம்பிக்கை. சற்று நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து, "கூடப் பொறந்தவன்… தனியா கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்றார். "செயலாளரா இருந்துக்கினு தம்பிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?" என்று அப்பா எழுந்தார். அப்பாவிடம் சொன்னால் அவர் தனியாகச் சித்தப்பாவைத் திட்டுவார், பவனித் தெரு மாறும், அவ்வளவுதான் என்பது என் கணக்கு.

கோயிலில் சித்தப்பா வெள்ளை வேட்டியில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதகர் பெயரை வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் அடுத்த தாளைப் புரட்டினார்.

"உண்டு" என்று அப்பா எழுந்தார்.

ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய சிறிய அறையில் விசாரணை நடந்தது. போதகர், அப்பா, சித்தப்பா, நான். அப்பா என் தோளில் கை வைத்திருந்தார். போதகர் நல்லவர், கேட்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"குடிச்சியாப்பா?"

"இல்லீங்கய்யா."

"பையன் பாத்தேன்றானே."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்காலத்தில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அவர் அப்படிப் பார்க்கவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"குடிக்கலன்னு உங்ககிட்டயே எத்தினி தரம் சொல்லியிருக்கறேன்யா" என்றார். "குடிச்சிட்டு வந்து இதே எடத்துல நின்னுக்கினு சொல்லியிருக்கறேன். இப்பவும் அதே வார்த்தையத்தான் சொல்லணும். வேற வார்த்தை எங்கிட்ட இல்ல."

"அப்போ இவன் பொய் சொல்றானா?" என்றார் அப்பா. தோளில் இருந்த கை இறுகியது.

என் தோளில் இருந்த அப்பாவின் கையைச் சித்தப்பா பார்த்தார். பிறகு, "கொழந்தைய விட்டுருண்ணா. அவன ஒண்ணும் கேக்காத. அடுத்த வருசமும் இந்த மாசம் வரும்" என்றார். கதவு வரை போய்த் திரும்பினார். "திருப்புட்குழிக்கு மட்டும் யாரையாவது அனுப்புங்க. பொதன்கிழமைக்கு மூட்டை கட்டிக்கினு இருப்பாங்க."

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

"நானே போறேன்" என்றார் அப்பா. சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சித்தியின் அண்ணனிடம் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார். அவர் செய்ததில் ஒரு எள்ளளவும் நேர்மைக் குறைவு கிடையாது.

மறுநாள் காலை சித்தப்பா எங்கள் வீட்டைக் கடந்து வேலைக்குப் போனார். பாடிக்கொண்டே போனார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது; ஆனால் அதே பாட்டு. என்னைப் பார்த்ததும், "நேரமாச்சி பாரு, ஸ்கூலுக்கு ஓடுபா" என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பாடுகிறார் என்றால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, நான் செய்ததும் பெரிய விஷயமில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

பவனி வேறு தெருவில் போனது. கிறிஸ்துமஸ் காலையில் பந்தி நடந்தபோது சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே பாடிய எங்கள் எல்லோரையும்விட அவர் குரல்தான் முந்திக்கொண்டு வந்தது. "வெக்கங்கெட்ட மனுசன்" என்று முணுமுணுத்துக்கொண்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன அன்று அந்த நெசவாளர் தெருப் பையன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா வரல? உங்க சித்தப்பா மோளம் அடிச்சிக்கினு வருவேன்னாரே. எங்கம்மா பொட்டுக்கடலை உருண்டை புடிச்சி வெச்சிக்கினு எட்டு மணி வரைக்கும் வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க."

"எங்க சித்தப்பான்னு யார் சொன்னா?"

"அவருதான் சொல்வாரே, எங்க அண்ணன் பையன் உங்க ஸ்கூல்தான்னு. நீ காலனின்னு எங்களுக்கு எப்பவோ தெரியும்டா."

அந்த உருண்டையை எங்களை வாசலில் நிற்க வைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். அந்தக் காலம் அப்படி. இருந்தாலும் அந்த அம்மாள் காத்திருந்தார் என்பது உண்மை.

அடுத்த வருகைக்காலத்தில் மறுபடியும் மூன்று ஞாயிறு பெயர் வாசித்தார்கள். ஆட்சேபம் இல்லை. சித்தப்பா பந்தியில் சேர்ந்தார். ஆனால் சித்தியின் அண்ணன் மசியவில்லை. "ஒரு தரம் இப்படித்தான் சொல்லி ஏமாத்துனீங்க. இன்னும் மூணு வருசம் பாத்துட்டு அனுப்பறேன்" என்று சொல்லி, அதன்படியே செய்தார். குழந்தை வந்தபோது நான்கு வயது முடிந்திருந்தது. சித்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்டது. சித்தப்பா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "பக்கத்தூட்டுக்காரன்மா" என்றார். பயப்படக் கூடாதே என்று அப்படிச் சொன்னாராம். ஏழெட்டு நாள் அது அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் என்றே கூப்பிட்டது. இதை அவர் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

நான் படித்தேன், தமிழாசிரியரானேன், தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். உண்மையைச் சொல்லாததற்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. அப்பா இருந்தவரை அவர் தலை குனியக் கூடாது என்றேன். சித்தப்பா படுக்கையில் விழுந்தபோது ஒரு மத்தியானம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "சித்தப்பா, அந்த வருசம் மூணாவது ஞாயிறு…" என்று ஆரம்பித்தேன். "சாப்ட்டியாபா?" என்றார் அவர். சாப்பிட்டேன் என்றேன். "நல்லது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அதையே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது. சித்தியும் போன பிறகு, இனி சொல்லி யாருக்கு என்ன பயன் என்றேன்.

போன வருடம் வருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, போதகரிடம் அனுமதி கேட்டு, சபை முன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதைய போதகருக்கு முப்பது வயதிருக்கும். சொல்லி முடித்ததும் அவர் என்னை அணைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய தாழ்மை!" என்றார். சபை கை தட்டியது. நான் அழுதேன். சிறிது நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெளியே வந்தபோது சித்தப்பாவின் மகள் கோயில் கேட் அருகே நின்றிருந்தாள். அவளுக்கே அறுபது தாண்டிவிட்டது.

"கை தட்டுனாங்களே, நல்லா இருந்துச்சாண்ணா?" என்றாள்.

நான் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தேன்.

"அப்பா உன்ன மன்னிச்சிட்டாருன்னு எனக்குத் தெரியும். அவரு அப்படித்தான். நான் இன்னும் மன்னிக்கல. நாலு வருசம்ணா. எங்கம்மா அங்க அண்ணி கையால சோறு வாங்கித் தின்னுக்கினு இருந்தாங்க." கோயில் வாசலைக் கைகாட்டினாள். "இங்க கை தட்றவங்களுக்குச் சொல்லி என்ன ஆவப்போவுது? எங்க மாமன் இன்னும் இருக்கறாரு, திருப்புட்குழில. இன்னிக்கும் எங்கப்பாவ குடிகாரன்னுதான் சொல்வாரு. வந்து அவருகிட்ட சொல்லு."

செவ்வாய்க்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். சித்தியின் அண்ணனுக்குத் தொண்ணூறு வயது நெருங்கியிருக்கும். கண்தான் மங்கலே தவிர, காதும் நினைவும் சுத்தமாக இருந்தன. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். நான் ஒன்றையும் மறைக்காமல், பள்ளிப் பையன்களின் முன் வெட்கப்பட்டதிலிருந்து தொடங்கிச் சொன்னேன். முடித்ததும் என் கையைத் தடவிப் பிடித்தார்.

"நல்ல புள்ளபா நீ" என்றார். "வயசான காலத்துல சித்தப்பனுக்கு நல்ல பேரு வாங்கித் தரணும்னு இவ்ளோ தூரம் வந்துக்கிற. பழிய உன் தலைமேலயே போட்டுக்கிற. யாருக்குபா வரும் இந்த மனசு?"

"இல்லீங்க. நான் சொன்னது பொய். அவரு குடிக்கல."

"உங்கப்பா சைக்கிள்ல வந்து, இதோ இந்த எடத்துல நின்னுக்கினு சொன்னாரு. அழுதுக்கினே சொன்னாரு. வாத்தியாரு. சொந்தத் தம்பியப் பத்தி அவரு பொய் சொல்லுவாரா?"

"அவரு பொய் சொல்லலீங்க. நான்தான்…"

"சரிபா, சரி. காபி குடிச்சிட்டுப் போ."

மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது, இந்த வார்த்தைகளைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பது தெரிந்தது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். தங்கை ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பாவுக்கும் அன்னிக்கு இப்படித்தான்ணா இருந்திருக்கும்" என்றாள். பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்த வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறோம். வணக்கம் சொல்கிறாள், அதற்கு மேல் இல்லை.

அன்று திருப்புட்குழியிலிருந்து வீட்டுக்கு வந்து நான் யாரோடும் பேசாமல் படுத்துவிட்டேன். மறுநாளும் எழ மனமில்லை. உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் போனது எனக்கு ஒரே ஒரு மத்தியானம்தான். அதில் நான் இழந்ததும் ஒன்றுமில்லை. சித்தப்பாவோ தன் மனைவியையும், முகம் பார்க்காத குழந்தையையும் இழந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வழியாகப் பாடிக்கொண்டு போனார். அவருக்கு வலிக்கவில்லை, அதனால் பாடுகிறார் என்று பதினோரு வயதுப் பையன் நினைத்தான். வலித்துக்கொண்டிருக்கும்போதும் பாட முடிகிற ஒரு சந்தோஷம் மனிதனுக்குக் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அறுபது வருடமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அப்படியொரு சந்தோஷம் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்கு இப்போது தெரியும்.